இருபத்தாறு புள்ளி ஒன்று

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன வேலை செய்கிறேன் என்பதை அம்மாவுக்கு இன்றுவரை விளக்க முடிந்ததில்லை. தையல் ஆலையில் ஒரு நாளைக்கு நானூறு காலர் தைக்கிறவளிடம் போய் என்னவென்று சொல்வது?

"ஹேண்ட்பால் ஆடுற பொண்ணுங்க உடம்புல கொழுப்பு எவ்ளோ, தசை எவ்ளோன்னு பாக்கணும்மா. அப்புறம் சைக்கிள்ல உக்கார வெச்சு முப்பது செகண்டு உயிரக் குடுத்து மிதிக்கச் சொல்லணும். மூச்சு வந்து உதவி பண்றதுக்கு முன்னாடியே உடம்பு தன் கையிருப்புல இருந்து எவ்ளோ சக்தியக் கொட்டுதுன்னு அளக்கணும்."

அம்மா சற்று யோசித்தாள். "குண்டா ஒல்லியான்னு பாக்குறதுக்கா நாலு வருஷப் படிப்பு? உங்கப்பா பாத்தவுடனே சொல்லிடுவாரே."

லாரி டயருக்குக் காற்று அடிக்கிற அப்பா, தன் திறமை கடைசியில் வீட்டில் அங்கீகரிக்கப்பட்டதில் மகிழ்ந்து தலையாட்டினார்.

வெளியிலும் மரியாதைக்குக் குறைவில்லை. கொழுப்பை அளக்கிற எனக்கே கொழுப்பு ஜாஸ்தி என்ற நகைச்சுவையை இந்த இரண்டு வருஷத்தில் நாற்பத்தோரு பேர் சொல்லியிருக்கிறார்கள். நாற்பத்தோரு பேரும் தாங்கள்தான் அதைக் கண்டுபிடித்தது போலச் சிரித்தார்கள். 

எங்கள் ஆய்வகம் விளையாட்டரங்கின் கேலரிப் படிக்கட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. கிழிந்த வலைகளும் கால் உடைந்த மேசைகளும் கிடந்த அறை அது. அவற்றை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, வாசலில் 'உயர் செயல்திறன் ஆய்வகம்' என்று போர்டு மாட்டினார்கள். கூரை சாய்வாக இறங்கும். வலது மூலைக்குப் போகிற உயரமான பெண்கள் தலையை இடித்துக்கொள்வார்கள். ஹேண்ட்பால் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் உயரமானவர்கள். மெஷினை எங்கே வைத்தார்கள் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

அந்த மெஷின் ஹேண்ட்பால் சங்கத்துச் செயலாளரின் செல்லப்பிள்ளை. வெறுங்காலோடு மேலே ஏறி நின்று இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தால், ஒரே நிமிஷத்தில் எடை, தசை, கொழுப்பு, நீர் எல்லாவற்றையும் பிரித்துச் சீட்டில் அடித்துக் கொடுக்கும். அது வந்திறங்கிய அன்று செயலாளர் அதன் தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். மெஷினுக்கு ஏது தோள் என்று கேட்காதீர்கள். அவர் கண்டுபிடித்துவிட்டார்.

மெஷின் வந்த வாரமே ஒரு விதியும் வந்தது. கொழுப்பு இருபத்து நாலு சதவீதத்துக்கு மேல் இருக்கிறவள் அணியில் கிடையாது.

"இந்த இருபத்து நாலு எங்கிருந்து வந்தது சார்?" என்று கேட்டேன்.

"ஃபிளைட்ல ஒரு பத்திரிகை படிச்சேன்மா. பெரிய பெரிய டீமுங்களோட சராசரி போட்டிருந்தான்."

"சராசரி சார் அது. அதுல பாதிப் பேர் அதுக்கு மேலதான் இருப்பாங்க. கோல் கீப்பருக்கு ஒரு மாதிரி, ஓரத்துல ஓடுறவளுக்கு ஒரு மாதிரி..."

"சராசரின்னா எல்லாரும் அதுக்குள்ள இருக்கணும்னுதானேம்மா அர்த்தம்?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று நாலு வருஷப் படிப்பில் எவரும் சொல்லித் தரவில்லை.

இந்த விதியால் முதலில் ஆபத்து வந்தது தூணுக்கு. தூண் என்பது மற்றப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர். அவள் பிவட். எதிரணிக்காரிகள் கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்பார்கள் அல்லவா, அந்தச் சுவருக்கு நடுவில் போய், கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பதுதான் அவள் வேலை. ஒருத்தி இடுப்பைப் பிடிப்பாள், இன்னொருத்தி தோளில் தொங்குவாள். இரண்டு பேரையும் சுமந்துகொண்டே பந்தை வாங்கி, திரும்பி, எறிய வேண்டும். எழுபத்தெட்டு கிலோ. அந்த இடத்தில் ஐம்பத்தைந்து கிலோ பெண்ணை நிறுத்தினால் அவளையும் பந்தோடு சேர்த்து எறிந்துவிடுவார்கள்.

தூணுக்கு இருபத்தெட்டு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சர். பதினெட்டுப் பேரைக் கேம்ப்புக்குக் கூப்பிட்டு, பதினாறு பேரை மட்டும் வெளிநாட்டுப் போட்டிக்குக் கூட்டிப்போவார்கள். "இது எனக்கு அஞ்சாவது கேம்ப்க்கா" என்று முதல் நாளே சொன்னாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தால் எல்லோருக்கும் அக்காதான். "நாலு தடவையும் பதினேழாவது ஆளா நின்னு பஸ்ஸுக்கு டாட்டா காட்டியிருக்கேன். இனிமே லீவு கிடையாதுன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் எழுதியே குடுத்துட்டாங்க. இந்தத் தடவை போகலன்னா அவ்வளவுதான், பந்தைத் தூக்கிப் பரண்ல போட்டுட வேண்டியதுதான்."

கேம்ப்பின் முதல் நாள் அவளுக்கு இருபத்து மூன்று புள்ளி ஒன்பது. தப்பித்தாள். அதன்பின் பெண்களை நாலு நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் வெள்ளிக்கிழமை இறுதிச் சோதனை. காலை ஏழு மணிக்கு மெஷின், பத்து மணிக்கு சைக்கிள். திங்கட்கிழமை பட்டியல்.

வெள்ளிக்கிழமை காலை பதினெட்டுப் பேரும் படிக்கட்டுக்கு அடியில் வரிசையில் நின்றார்கள். கோச் கையில் ஸ்டாப் வாட்ச்சோடு வாசலில் நின்றார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவருக்கு ஸ்டாப் வாட்ச் இல்லாமல் பல் விளக்கக்கூடத் தெரியாது என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

"ஒரு ஆளுக்கு ஒன்றரை நிமிஷம் பாப்பா. எட்டுக்கு கிரவுண்டுல இருக்கணும்."

எனக்குப் பெயர் இருக்கிறது, பட்டம் இருக்கிறது, மாஸ்டருக்கு நான் பாப்பா.

முதல் பெண் ஏறினாள். இறங்கினாள். இருபத்தைந்து புள்ளி இரண்டு. போன தடவை இருபத்து மூன்று. இரண்டாவது பெண்ணுக்கும் ஏற்றம். மூன்றாவதும் அப்படியே. எடை மட்டும் எல்லோருக்கும் குறைந்திருந்தது. எடை குறைந்து கொழுப்பு சதவீதம் ஏறினால் என்ன அர்த்தம்? தசை கரைந்திருக்கிறது. வீட்டுக்குப் போய் நாலு நாளும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. இப்படித்தான் நான் முடிவு கட்டினேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருத்தி இறங்கும்போதும் பார்த்த பார்வையில் அதைச் சொல்லியிருப்பேன். ஐந்தாவதாக வந்த சிட்டு, வலது ஓரத்தில் ஓடுகிறவள், எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பவள், அன்று வாயைத் திறக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. பனிக்காற்று என்று நினைத்துக்கொண்டேன். படித்தவள் அல்லவா, காரணம் கண்டுபிடிக்கவா தெரியாது?

கடைசியாகத் தூண் வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர். அதில் துப்பிக்கொண்டே வந்தாள்.

"என்னது அது?"

"எச்சில்க்கா. துப்பினா இன்னும் நூறு கிராம் குறையும்னு மாஸ்டர் சொன்னாரு."

மெஷின் சீட்டைத் தள்ளியது. எடை எழுபத்தாறு புள்ளி இரண்டு. கொழுப்பு இருபத்தாறு புள்ளி ஒன்று.

சீட்டைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். டம்ளரைப் பார்த்தேன். பதினேழு பேர் கடந்து போன பிறகு, பதினெட்டாவது ஆளிடம், நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என் வாயிலிருந்து வந்தது.

"கடைசியா எப்போ தண்ணி குடிச்ச?"

"நேத்து மத்தியானம்."

"மத்தவங்க?"

"எல்லாருமேதான். குடிக்கக்கூடாதுன்னுட்டாரு. சாயங்காலம் ரெயின் கோட்டப் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் ஓட விட்டாரு."

நான் வாசலுக்குப் போனேன். மாஸ்டர் வாட்ச்சை நிறுத்திவிட்டுத் திருப்தியாகச் சிரித்தார். "இருபத்தாறு நிமிஷம். பரவால்லயே பாப்பா."

"தண்ணி குடுக்காம ஓட விட்டீங்களா மாஸ்டர்?"

"பின்ன? குத்துச்சண்டைக்காரன்லாம் எடை போடுறதுக்கு முன்னாடி அப்படித்தானே பண்றான்? ரெண்டு கிலோ இறங்கியிருக்குமே?"

"எடை இறங்கியிருக்கு. கொழுப்பு ஏறியிருக்கு."

"அது எப்படி ஏறும்? தின்னாதானே ஏறும்? ராத்திரி என்னத்தத் தின்னாளுங்க?"

"ஒண்ணும் தின்னல. இந்த மெஷின் கொழுப்பக் கண்ணால பாக்குறது இல்ல மாஸ்டர். உடம்புக்குள்ள லேசா கரண்ட் விடும். தண்ணி இருக்குற தசையில கரண்ட் சுலபமாப் போகும், கொழுப்புல தடைபடும். எவ்ளோ தடைன்னு பாத்துக் கணக்குப் போடும். நீங்க தண்ணிய வடிச்சிட்டீங்க. கரண்ட் எல்லா இடத்துலயும் தடைபடுது. மெஷினுக்கு என்ன தெரியும்? எல்லாம் கொழுப்புன்னு நெனச்சிக்குது."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு மெஷினை. "அவ்ளோ பெரிய மெஷின் நெனச்சிக்குதுங்கற?"

அவர் கெட்டவர் அல்ல, அதுதான் எரிச்சல். இருபத்து நாலு என்ற விதியைக் கேட்டுப் பயந்து, தன் பெண்களில் ஒருத்தியும் கழன்றுவிடக்கூடாது என்றுதான் இந்தக் காரியத்தைச் செய்திருந்தார். தண்ணீரைப் பிடுங்கிக்கொண்டு, அதை அக்கறை என்று நம்பியிருந்தார்.

பத்து மணிக்கு சைக்கிள் சோதனை நடத்தியே தீர வேண்டும் என்றார். முதலில் சிட்டு ஏறினாள். வழக்கமாக ஒரு கிலோ எடைக்குப் பதினொன்றரை வாட் மிதிக்கிறவள். அன்று ஒன்பதோடு நின்றாள். பத்தொன்பதாவது செகண்டில் பெடலிலிருந்து கால் வழுக்கியது. இறங்கி, மூலையில் இருந்த உடைந்த மேசையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வெளியே வர எதுவுமில்லாத வாந்தி. நான் சைக்கிளின் மின் இணைப்பைப் பிடுங்கி எறிந்தேன்.

"மெஷின் கோளாறுன்னு போட்டுக்க பாப்பா" என்றார் மாஸ்டர் மெதுவாக. "சைக்கிள திங்கட்கிழமை வெச்சுக்கலாம்."

மத்தியானம் செயலாளர் வந்தார். சீட்டுகளை வரிசையாக அடுக்கி, இருபத்து நாலுக்கு மேலே, கீழே என்று இரண்டு கட்டாகப் பிரித்தார். மேலே பதினோரு பேர். கீழே ஏழு பேர்.

"ஏழு பேர் இருக்காங்களே. ஆட ஏழு பேர்தானே வேணும்?" என்றார் நிம்மதியாக.

"ஆமா சார்" என்றேன். "ரெண்டு கோல் கீப்பரும் மேல் கட்டுல இருக்காங்க. கோல் கீப்பர் இல்லாம ஆடலாம். எறிஞ்சா எல்லாமே கோல். ரசிகர்களுக்கும் நேரம் போறதே தெரியாது."

செயலாளருக்குக் கிண்டல் புரிவதற்கு எப்போதும் அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்துக்குள் தண்ணீர், கரண்ட், தசை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மாஸ்டர் சாய்வுக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அதாவது மெஷின் தப்புங்கறியா?" என்றார் செயலாளர்.

"மெஷின் சரியாத்தான் சார் இருக்கு. அளந்த நேரம் தப்பு. ரெண்டு நாள் ஒழுங்காத் தண்ணி குடுத்துட்டு மறுபடி அளக்கணும்."

"மறு சோதனைன்னா மேலிடத்துல ஏன்னு கேப்பாங்க. மெஷின் வாங்கினது நான். எனக்குத்தானே கேவலம்?" தாடையைச் சொறிந்தார். "வேற வழி இருக்கு."

அந்த வழி ஒரு மணி நேரத்தில் சுற்றறிக்கையாக வந்தது. மூன்று இடத்தில் சீல். வீராங்கனைகளின் நலன் கருதி, அறிவியல் பூர்வமான மறுபரிசீலனைக்குப் பின், கொழுப்பு வரம்பு இருபத்து நாலிலிருந்து இருபத்தாறாக உயர்த்தப்படுகிறது. இந்த ஆண்டு முழுவதும் அமலில் இருக்கும். அறிவியல் யார் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். அறையில் நான்தான் இருந்தேன். என்னை எவரும் கேட்கவில்லை.

இருபத்தாறு. பதினேழு பேரும் உள்ளே. இருபத்தாறு புள்ளி ஒன்று எடுத்த ஒருத்தி மட்டும் வெளியே.

"வேணும்னு பண்ணல" என்றார் செயலாளர், உண்மையாகவே வருத்தப்பட்டு. "முழு நம்பரா இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

சாயங்காலம் தூண் ஆய்வகத்துக்கு வந்தாள். கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், பாதி காலி. கூரை இடிக்காத இடமாகப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா திட்டக்கூடாது."

"திட்டுவேன். கேளு."

"அந்தச் சீட்டுல இருபத்தாறுன்னு மட்டும் எழுதிடுங்களேன். புள்ளிய விட்டுடுங்க. புள்ளிதானே, ஈ உக்காந்த மாதிரி இருக்கும்."

"இன்னைக்கு உனக்கு ஒரு புள்ளிய விடுவேன். நாளைக்கு யாரோட மருமகளுக்காவது ரெண்டு நம்பரையே விடச் சொல்லுவாங்க. அப்போ என்ன சொல்றது?"

"அப்போ முடியாதுன்னு சொல்லுங்க."

"இப்பவே சொல்றேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க நல்லவங்கதான்க்கா. ஆனா உங்க நல்லதனத்துல நான் மறுபடியும் டாட்டா காட்டணும், இல்ல?" பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தவள், தவறான மூலைப் பக்கம் திரும்பிவிட்டாள். மண்டையில் இடித்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. தடவிக்கூடக் கொள்ளாமல் போய்விட்டாள்.

நான் நேராகச் செயலாளர் அறைக்குப் போனேன். அவள் ஒருத்திக்கு மட்டுமாவது மறு சோதனை வேண்டும் என்றேன்.

"பண்ணலாமே" என்றார். எனக்கே ஆச்சரியம். "மெஷின்ல தப்பில்ல. கோச் இருபது வருஷ அனுபவஸ்தர், அவர் மேலயும் தப்பு சொல்ல முடியாது. விதியிலயும் தப்பில்ல. மிச்சம் யாரு இருக்கா? சோதனையின்போது என் தரப்பில் கவனக்குறைவு ஏற்பட்டதுன்னு நீ எழுதிக் குடு. அந்தப் பொண்ணுக்கு மட்டும் மறுபடி எடுத்துக்கலாம்."

"தண்ணி குடுக்காதது நானா சார்?"

"நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலயே. உன் இஷ்டம்."

வெளியே மாஸ்டர் காத்துக்கொண்டிருந்தார். "எழுதிக் குடுத்துடு பாப்பா. அவ இல்லாம எனக்கு நடுவுல ஆள் கிடையாது. உன் வேலைக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன்."

"நீங்களே எழுதிக் குடுங்களேன் மாஸ்டர். ஒரே வரிதானே. தண்ணி குடிக்கக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன்."

அவர் ஸ்டாப் வாட்ச்சை அழுத்தினார். எதை அளந்தாரோ தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். காது கொடுத்துக் கேட்க அம்மாதான் இருந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னாள்.

"எழுதி மட்டும் குடுத்துடாதடி. வாயால சொன்னா நாளைக்கு நான் சொல்லவேயில்லன்னு சொல்லிக்கலாம். எங்க ஆலையில ஒருத்தி எழுதிக் குடுத்தா. அடுத்த மாசம் மத்தவ பண்ணின தப்புக்கும் அவ பேர்தான். உனக்கு எதுக்கு? அந்தப் பொண்ணு உனக்கு என்ன அத்தை மகளா?"

"நான் ஏம்மா எழுதிக் குடுக்கறேன்? என் பக்கம் என்ன தப்பு இருக்கு?"

அதை நிரூபிக்கத்தான் பையிலிருந்து படிவங்களை எடுத்தேன். ஒவ்வொருத்திக்கும் ஒரு படிவம் உண்டு. மெஷினில் ஏற்றுவதற்கு முன் ஆறு கேள்விகள் கேட்டுப் பதில் குறிக்க வேண்டும். கடைசியாக எப்போது சாப்பிட்டாள், மாதவிடாய் உண்டா, மருந்து ஏதாவது எடுக்கிறாளா என்று போகும். நாலாவது கேள்வி: கடந்த இருபத்து நாலு மணி நேரத்தில் வழக்கம்போல் தண்ணீர் குடித்தாளா?

ஆம் என்ற கட்டத்தில் டிக். என் டிக். பதினெட்டுப் படிவத்திலும், ஒரே சாய்வில், ஒரே நீல மையில், ஒரே அழுத்தத்தில்.

மாஸ்டர் ஒன்றரை நிமிஷம்தான் கொடுப்பார் என்று தெரியும். கேள்வி கேட்கவே ஒரு நிமிஷம் போய்விடும். அதனால் வியாழக்கிழமை சாயங்காலமே, காபி குடித்துக்கொண்டே, பதினெட்டையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன். எப்போதும் பதில் ஆம்தான். நான் அந்த டிக்கைப் போட்ட நேரத்தில், அந்தப் பெண்கள் ரெயின் கோட்டைப் போட்டுக்கொண்டு, நாக்கு வறண்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 

அந்தக் கேள்வியை முதல் பெண்ணிடம் கேட்டிருந்தால் போதும். ஏழு மணி ஒரு நிமிஷத்துக்கு எல்லாம் நின்றிருக்கும். கோச் முட்டாள், செயலாளர் அதற்கு மேல் என்று நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தவள், என் முட்டாள்தனத்துக்கு மட்டும் முந்தின நாளே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன்.

"என்னடி சத்தத்தையே காணோம்?" என்றாள் அம்மா.

சனிக்கிழமை காலை கடிதம் எழுதினேன். மூன்று தடவை கிழித்தேன். நாலாவது இப்படி வந்தது:

'ஐயா, வெள்ளிக்கிழமை சோதனையில், வீராங்கனைகள் தண்ணீர் குடித்தார்களா என்ற கேள்வியை நான் பதினெட்டுப் பேரில் எவரிடமும் கேட்கவில்லை. கேட்காமலேயே, முந்தைய நாளே, ஆம் என்று குறித்துக் கையெழுத்திட்டேன். இது என் தவறு. உண்மையில் எவரும் குடிக்கவில்லை. ஆகவே பதினெட்டு முடிவுகளும் செல்லாது. ஒருவருக்கு மட்டும் அல்ல, பதினெட்டுப் பேருக்கும் மறு சோதனை வேண்டும். அவர்கள் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்பது என்னிடம் கேட்கப்படாததால் எழுதவில்லை. கேட்டால் எழுதித் தருகிறேன். இதன் நகல் மேலிட மருத்துவக் குழுவுக்கும் அனுப்பப்பட்டுள்ளது.'

செயலாளர் கடைசி வரியை மூன்று முறை படித்தார். கிண்டல் புரிய எடுக்கும் அரை நிமிஷம் இதற்குத் தேவைப்படவில்லை.

"நான் ஒரு பொண்ணுக்குத்தானேம்மா எழுதச் சொன்னேன்?"

"தப்பு பதினெட்டு சார். ஒண்ணுக்கு மட்டும் எப்படி எழுதறது?"

"உன் வேலை போகும்னு தெரியுதா?"

தெரிந்தது. இந்த மாதச் சம்பளம் வருமா என்றுகூட மனசு கணக்குப் போட்டது. ஆனால் அதை அவரிடம் சொல்வானேன்? "தெரியும் சார்" என்று மட்டும் சொன்னேன்.

நகல் மேலே போய்விட்டதால் வேறு வழியில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெண்கள் பாட்டிலும் கையுமாக அலைந்தார்கள். சிட்டுவின் வாய் திரும்பி வந்துவிட்டது. "அக்கா, ராத்திரி நாலு தடவை எழுந்து போனேன், அதையும் எழுதிக்குவீங்களா?" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. ஒவ்வொருத்தியிடமும் ஆறு கேள்விகளையும் கேட்டேன். மாஸ்டர் வாட்ச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாட்ச்சைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் சதவீதம் இறங்கியது. செயலாளர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டையும் கையில் வாங்கிப் பார்த்தார்.

தூண் ஏறினாள். கைப்பிடிகளைப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மெஷின் தன் பாட்டுக்கு யோசித்தது. எடை எழுபத்தெட்டு புள்ளி ஒன்று. கொழுப்பு இருபத்து நாலு புள்ளி இரண்டு.

பழைய விதி அப்படியே இருந்திருந்தால் புள்ளி இரண்டில் போயிருப்பாள்.

"இருபத்து நாலத் தாண்டிடுச்சே" என்றார் செயலாளர்.

"வரம்பு இருபத்தாறு சார். இந்த ஆண்டு முழுவதும். மூணு சீல்."

"அது அந்த ரிசல்ட்டுக்காகப் போட்டது. ரிசல்ட்டே செல்லாதுன்னா சுற்றறிக்கையும்..."

"சார்" என்றார் மாஸ்டர். நாலு நாளில் முதல் தடவையாகச் செயலாளரின் பேச்சுக்கு நடுவில் அவர் குரல் வந்தது. "இருபத்து நாலுன்னு திருப்பினா பெரிய கீப்பர் போயிடுவா. அவளுக்கு இருபத்து நாலு புள்ளி ஆறு. இன்னொரு கீப்பருக்குப் போன வாரம்தான் விரல் பிசகியிருக்கு." சட்டைப் பைக்குள் இருந்த வாட்ச்சைத் தொட்டுப் பார்த்தார். "தண்ணி விஷயம் நான் சொன்னதுதான் சார். மேலேருந்து கேட்டா அதையும் சொல்லணும்."

செயலாளர் மாஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தன் சொந்தச் சுற்றறிக்கையை மதிக்கிற பெருந்தன்மையோடு, "சரி, போட்டது போட்டதாவே இருக்கட்டும்" என்றார்.

பத்து மணிக்கு சைக்கிள். தூண் ஏறி உட்கார்ந்தாள். நான் எண்ணத் தொடங்கினேன். முதல் ஐந்து செகண்டில் சைக்கிளின் முன்பக்கம் தரையில் நகர்ந்தது. சிட்டு ஓடிவந்து கைப்பிடியை அமுக்கிப் பிடித்தாள். இருபதாவது செகண்டில் தூணின் தொடை நடுங்கியது. இருபத்தைந்தில் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா உறுமலா என்று தெரியவில்லை. முப்பதில் நிறுத்தச் சொன்னேன். இரண்டு சுற்று கூடுதலாக மிதித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

செயலாளரின் அட்டவணையில் எல்லாவற்றையும் எடையால் வகுத்துப் போட வேண்டும். ஒரு கிலோவுக்குப் பத்து புள்ளி நாலு வாட், பதினோராவது இடம். வகுக்காமல் பார்த்தால் எண்ணூற்றுப் பன்னிரண்டு, முதலிடம். தோளில் தொங்குகிறவர்கள் தூணை வகுத்துவிட்டுத் தொங்குவதில்லை என்று குறிப்புப் பகுதியில் எழுதினேன். அடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். பதினாறு பேர். தூணின் பெயர் ஒன்பதாவது. அவள் அங்கே நின்று அதைப் படிக்கவில்லை. மற்றப் பெண்கள் போட்ட கூச்சலைப் படிக்கட்டுக்கு அடியில் இருந்தே கேட்டேன். சற்று நேரம் கழித்து வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை.

"அக்கா, அன்னைக்கு உங்க நல்லதனம் அது இதுன்னு பேசிட்டேன்."

"பேசினது சரிதான். அன்னைக்கு எனக்கு அது இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. என் மேசைமேல் ஒரு கவர் கிடந்தது. அதை எட்டிப் பார்த்தாள். "என்னது?"

"மெமோ. இனிமே நான் மெஷினத் தொடக்கூடாதாம். பந்து, வலை, ஜெர்ஸி எல்லாம் இருக்குற ஸ்டோர் ரூமுக்கு மாத்தியிருக்காங்க. போறதுக்கு முன்னாடி புது ஆளுக்குப் பத்து நாள் பயிற்சி குடுக்கணும்."

"புது ஆள் யாரு?"

"செயலாளர் ஆபீஸ் டைப்பிஸ்ட்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. சுவரில் தலை சாய்த்து நின்றவள், யாரோ கிரவுண்டிலிருந்து கூப்பிட்டதும் போய்விட்டாள்.

அம்மாவிடம் சொன்னேன். நான் சொன்னேனே, சொன்னேனே என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது நாள், ஆலையில் தன் பக்கத்து மெஷின்காரியிடம், தன் மகள் பதினெட்டுப் பேருக்காக எழுதிக் கொடுத்ததைக் கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. அந்தக் கதையில் செயலாளர் அழுதாராம்.

பெண்கள் கிளம்பிப்போன மறுநாள் டைப்பிஸ்ட் வந்தார். ஐம்பது வயது, சாந்தமான முகம். வந்ததும் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. எதையும் கேட்காமல் மேலே ஏறி, கைப்பிடியைப் பிடித்து, போட்டோவுக்கு நிற்பது போல நிமிர்ந்து நின்றார். திரையில் ஒன்றும் வரவில்லை.

"ரிப்பேரா?" என்றார்.

"இல்ல சார். ஷூவக் கழட்டுங்க."

"ஏம்மா, அதுக்கு ஷூ வாசனை ஆகாதா?"

"சாக்ஸையும்."